நம் வீட்டுக் கணக்கை நாமே எழுதுவோம்

கொல்லிமலை மகளிர் குழுக்களில் இருக்கும் அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும்,



உங்கள் வீட்டைப் பற்றி எத்தனை பேர் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். கிழங்கு வியாபாரியின் நோட்டில் உங்கள் வீட்டுக்காரர் பெயருக்கு நேரே முன்பணம், உரம், சாக்கு, வண்டி வாடகை எல்லாம் இருக்கிறது. மளிகைக் கடையில் உங்கள் பாக்கிக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. நகை வைத்த இடத்தில் ஓர் அட்டை, சீட்டு பிடிப்பவரிடம் ஒரு வரி. வாரா வாரம் வந்து உட்காரும் தனியார் லோன்காரரின் போனில் உங்கள் வருமானம், செலவு, ஆடு மாடு எண்ணிக்கை வரை ஏறியிருக்கிறது. எல்லோரிடமும் உங்கள் கணக்கு இருக்கிறது. உங்களிடம் மட்டும்தான் இல்லை.

இதைத்தான் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன். நானும் இந்த மலையில் பிறந்தவள்தான். குழுக்களோடு உட்கார்ந்து கணக்கு எழுதிப் பழகியவள். அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாகப் பேசினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளப்பூர்நாட்டுப் பக்கத்து அக்கா ஒருவர் தன் கடன் தாள்களைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். தவணை கட்ட முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். தாளைப் புரட்டினேன். குடும்பத்தின் மாத வருமானம் 24,000 ரூபாய் என்று போட்டிருந்தது. “அக்கா, இது யார் சொன்னது?” என்று கேட்டேன். “அவங்களே எழுதிக்கிட்டாங்க. என்னைக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னாங்க” என்றார். சரி, உண்மையில் எவ்வளவு வரும் என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. மிளகு விற்றது நினைவில் இருந்தது, கிழங்குக்கு வந்தது பாதி நினைவில் இருந்தது, கூலிக்குப் போனது எதிலும் இல்லை. இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தைத் தொடவில்லை.

அந்த ஓர் எண் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் நுண்கடனுக்கு ஒரு விதி போட்டது. அது அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன்களைப் பற்றியது அது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை, அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. எல்லாக் கடனுக்கும் சேர்த்து என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே இரண்டு இடத்தில் கட்டிக்கொண்டிருந்தால் அதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் வந்தால் மாதத்துக்கு 12,000. தவணை 6,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தாளில் 24,000 என்று ஏற்றிவிட்டால் 12,000 ரூபாய் வரை தவணை போடலாம், விதியும் மீறப்படாது. உங்கள் வீட்டுக்கு வரும் மொத்தப் பணமும் தவணைக்கே போய்விடும், சோற்றுக்கு எங்கே போவீர்கள்? உங்களைக் காக்க வந்த விதி, உங்களுக்கே தெரியாத ஓர் எண்ணால் செல்லாக்காசாகிவிடுகிறது. அந்த நேரத்தில் “இல்லை தம்பி, எங்கள் வருமானம் இவ்வளவுதான், இதோ நோட்டு” என்று எடுத்து வைக்க உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?

கணக்கு எழுதத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1989ல் தர்மபுரியில் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்நாட்டில் குழுவென்றாலே புத்தகம்தான். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு, உறுப்பினர் பாஸ்புக் என்று அடுக்கி வைத்திருக்கிறீர்கள். சந்தா பத்து ரூபாய் குறைந்தால் கூட்டம் முடிய விடமாட்டீர்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து வரிக்கு வரி பதில் சொல்கிறீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு மொய் நோட்டு இருக்கிறது. எந்தக் கல்யாணத்தில் யார் 101 வைத்தார், யார் 501 வைத்தார், யாருக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் ட்ரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்குச் செய்ய வேண்டியதை இவ்வளவு கவனமாக எழுதி வைக்கிற நாம், நம் அடுப்பில் எரிவதை ஏன் எழுதவில்லை?

நம் பாட்டிமார்களுக்கு நோட்டு தேவைப்படவில்லை. அவர்களிடம் தொம்பை இருந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் தொம்பையில் இருந்தன. கையை விட்டுப் பார்த்தால் தானியம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இத்தனை முழம் இருக்கிறது, அடுத்த அறுவடை வரை தாங்கும். இத்தனை இறங்கிவிட்டது, ஒரு வேளை களியைக் கூழாக்க வேண்டும். விதைக்கு எடுத்து வைத்ததைத் தொடக் கூடாது. வரவு, செலவு, சேமிப்பு மூன்றும் கண்ணுக்கு முன்னால் நின்றன. அது கணக்குதான். எழுத்து இல்லாத கணக்கு.

பிறகு குச்சிக்கிழங்கு வந்தது. சேகோ ஆலைகளுக்கு நல்ல விலை போகிறது என்று சாமைக் காடெல்லாம் கிழங்குக் காடாயிற்று. நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அந்தக் காசில்தான் பல வீடுகளுக்கு ஓடு விழுந்தது, பிள்ளைகள் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் படிக்கப் போனார்கள். ஆனால் தொம்பை போன இடத்தில் பணம் வந்து உட்கார்ந்ததே, அந்தப் பணத்துக்கு மட்டம் இல்லை. முந்தானையில் முடிந்தாலும், வங்கியில் போட்டாலும், போனில் கிடந்தாலும் எவ்வளவு இறங்கியது, இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று கையை விட்டுப் பார்க்க முடியாது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பல ஆண்டுகளாக நம் மலையில் சிறுதானியத்தைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுவதை நீங்கள் அறிவீர்கள். தானியம் திரும்ப வருவது ஒரு பக்கம் இருக்கட்டும். தானியத்தோடு போன கணக்கு திரும்ப வர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

குடும்ப பட்ஜெட் என்று டிவியிலும் பயிற்சிகளிலும் சொல்லித் தருவது நமக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் தேதி சம்பளம் வரும், அதில் இவ்வளவு வாடகை, இவ்வளவு மளிகை, இவ்வளவு சேமிப்பு என்று அவர்கள் கட்டம் போட்டுத் தருகிறார்கள். நமக்கு ஏது ஒன்றாம் தேதி? காபி கார்த்திகை, மார்கழியில் பழுக்கிறது. மிளகு தை தொடங்கிப் பங்குனி வரை. கிழங்கு ஊன்றி ஒன்பது பத்து மாதம் காத்திருந்து பிடுங்க வேண்டும். பலாவும் அன்னாசியும் வைகாசிக்கு மேல் சோளக்காட்டுச் சந்தைக்கு இறங்குகின்றன, ஒரு மழை அடித்தால் விலை படுத்துவிடுகிறது. இடையில் கூலிக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் போய் வருகிறோம். மாதா மாதம் தவறாமல் வருவதென்றால் மகளிர் உரிமைத்தொகை ஒன்றுதான்.

செலவு மட்டும் அறுவடைக்குக் காத்திருப்பதில்லை. ஜூனில் பள்ளி திறக்கிறது. ஆடிப்பெருக்குக்கு மலையே திரள்கிறது, வல்வில் ஓரி விழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள், வீட்டில் சும்மா இருக்க முடியுமா? ஆனியிலிருந்து ஐப்பசி வரை கை வறண்டு கிடக்கும் அந்த மாதங்களில்தான் நகை வெளியே போகிறது, தனியார் லோன் உள்ளே வருகிறது. அதே மாதங்களில் வாரத் தவணையும் கட்ட வேண்டும். வாராவாரம் காசு பார்க்கிறவர்களுக்காக யோசித்த தவணை, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை காசு பார்க்கிற வீட்டுக்கு வந்து நிற்கிறது. ஆகவே நம் கணக்கு மாதக் கணக்காக இருக்க முடியாது. தையில் தொடங்கி அடுத்த தை வரை, ஒரு முழு ஆண்டுக் கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, உங்களில் பலர் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். “இவளும் சிக்கனமாக இரு என்று சொல்ல வந்துவிட்டாள்.” இல்லை. டீயைக் குறை, பிள்ளைக்குப் பத்து ரூபாய் தின்பண்டம் வாங்கித் தராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. மலைக் காட்டில் நாள் முழுக்கக் களை வெட்டிவிட்டு வருகிறவர் குடிக்கிற டீயில்தான் குடும்பம் முழுகிப் போகிறது என்று சொல்பவர்கள் வேறு எதையோ மறைக்கிறார்கள். எழுதிப் பாருங்கள், பணம் எங்கே போனது என்பதை நோட்டே காட்டும். என் அனுபவத்தில் பெரும் ஓட்டை மூன்று இடத்தில் இருக்கிறது. விற்பனையில் நமக்குக் குறைத்துத் தருவது, கடனுக்கு நாம் கூடக் கட்டுவது, நோய் வந்தால் மலையை விட்டு இறங்குவது.

விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்குக்கு விலை எடையை வைத்து மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று ஆலை விலை வைக்கிறது. பேச்சுக்கு ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்குக்கும் 24 பாயிண்ட் கிழங்குக்கும் டன்னுக்கு 1,200 ரூபாய் வித்தியாசம். உங்கள் கிழங்கு எத்தனை பாயிண்ட் வந்தது? கழிவு எவ்வளவு பிடித்தார்கள்? காரவள்ளிக்கு இறங்கிப் போன லாரிக்கு வாடகை எவ்வளவு போட்டார்கள்? பெரும்பாலான வீடுகளில் இருப்பது சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிய ஒரே ஒரு தொகை. அதுவும் இரண்டு மாதத்தில் தொலைந்துவிடும். மூன்று ஆண்டுச் சீட்டை நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் ஒரு வீடு இருந்தால், நான்காம் ஆண்டு பேரம் பேசும் விதமே வேறாக இருக்கும். அப்படிப் பத்து வீடு ஒரு குழுவில் இருந்தால் வியாபாரி உங்களிடம் வாய்ச்சொல்லாகப் பேச முடியாது.

கடனில் நாம் கூடக் கட்டுவது இன்னும் நுணுக்கமானது. “வட்டி வெறும் 12 பர்சென்ட்தான்” என்று சொல்வார்கள். 50,000 ரூபாய், இரண்டு ஆண்டு. ஆண்டுக்கு 6,000 வீதம் 12,000 வட்டி, மொத்தம் 62,000, மாதம் சுமார் 2,583 ரூபாய். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் முதல் மாதமே நீங்கள் அசலைத் திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஓராண்டு கழித்து உங்கள் கையில் இருக்கும் அவர்கள் பணம் ஏறக்குறைய பாதிதான். வட்டி மட்டும் முழு 50,000 ரூபாய்க்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டும். ஆகவே எந்தக் கடனாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு வாங்கினேன், மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறேன்? இரண்டையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதுங்கள். வாழ்வாதார இயக்கத்தில் சேர்ந்த நம் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டியில் வங்கிக் கடன் கிடைக்க வழி இருக்கிறது. அது தாமதமாகிறது என்பதற்காகத்தான் வாசலுக்கு வரும் கடனை எடுக்கிறோம். எந்த மாதத்தில் நமக்குப் பணம் தேவைப்படும் என்று மூன்று மாதம் முன்பே தெரிந்தால் அந்தத் தாமதத்தைத் தாங்கலாம். முன்பே தெரிய நோட்டு வேண்டும்.

நோய்ச் செலவைப் பற்றி இரண்டு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. எழுபது வளைவு இறங்கிப் போகும் வண்டிக்கும், ஆஸ்பத்திரி வாசலில் உடன் இருப்பவர் சாப்பாட்டுக்கும், அந்த வாரம் இழந்த கூலிக்கும் எந்த அட்டையும் இல்லை. இந்தத் தொகை ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதியவர்களுக்கு மட்டுமே தெரியும். எழுதினால் அதற்கென்று மிளகுக் காசில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க மனம் வரும்.

இனி, எப்படி எழுதுவது? தின்னனூர்நாட்டில் ஒரு தங்கச்சி எழுதும் நோட்டைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளின் நீள நோட்டு. பக்கத்தை மூன்றாக மடித்துக் கோடு கிழித்திருக்கிறாள். முதல் பத்தியில் வந்தது, இரண்டாவதில் போனது. மூன்றாவது பத்திக்கு அவளே ஒரு பெயர் வைத்திருக்கிறாள்: “வாங்காமல் கிடைத்தது.” ஒரு வாரத்துப் பக்கத்தில் இப்படி இருந்தது. வந்தது: இரண்டு நாள் களை வெட்டு, வாழைத்தார் ஒன்று. போனது: எண்ணெய், பருப்பு, சோப்பு, போன் ரீசார்ஜ், செம்மேட்டுக்கு பஸ், மாமியாருக்கு மாத்திரை, கோயில் வரி, “அவர் கை.” வாங்காமல் கிடைத்தது: ரேஷன் அரிசி, பலாக்காய் நான்கு, காட்டுக் கீரை மூன்று வேளை, அண்ணி கொடுத்த ராகி ஒரு படி, விறகு.

அந்த மூன்றாம் பத்தியை நீங்களும் போட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். எந்தப் பயிற்சியிலும் அதைச் சொல்லித் தருவதில்லை. கிழங்குக்காக அரை ஏக்கர் சாமையை அழித்தால் அந்தப் பத்தி மெலியும், இரண்டாம் பத்தி பெருகும். கிழங்கில் வந்த லாபம் உண்மையில் லாபமா என்று அங்கேதான் தெரியும். காட்டில் நீங்களும் வீட்டுக்காரரும் உழைத்த நாட்களையும் ஓரத்தில் கோடு போட்டு வையுங்கள். யாரும் கூலி கொடுக்காததால் அது இலவசம் ஆகிவிடாது. நோட்டின் கடைசிப் பக்கம் கடனுக்கு. யாரிடம், எப்போது, எவ்வளவு, எதற்கு, மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும். நகை அடகு, சீட்டு, தீபாவளிச் சீட்டு, கடைப் பாக்கி, அண்ணன் கைமாற்று எதையும் விட வேண்டாம்.

எழுதப் படிக்க வராத அக்காமார்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிஷம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பெண் பிள்ளை தலையில் மட்டும் அதைக் கட்டாதீர்கள். பையனும் எழுதட்டும். வீட்டுக்கு எவ்வளவு வருகிறது, தன் ரீசார்ஜ் எந்த வரிசையில் நிற்கிறது என்று அவனும் பார்க்க வேண்டும்.

“அவர் கை” என்ற வரியைப் பற்றியும் பேசியாக வேண்டும். பல வீடுகளில் அந்த வரிக்குப் பயந்துதான் நோட்டே எடுப்பதில்லை. குடிக்குப் போகும் காசை எழுதினால் சண்டை வரும், அடி விழும் என்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது, எழுதித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் ஆபத்தில் தள்ள மாட்டேன். அப்படிப்பட்ட வீட்டில் நோட்டைக் குழுத் தோழி வீட்டில் வையுங்கள், அங்கேயே எழுதுங்கள். மற்ற வீடுகளுக்கு நான் சொல்வது இது: முதல் மூன்று மாதம் அந்த வரியை எழுதுங்கள், எதுவும் கேட்காதீர்கள். அவர் கையிலேயே நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தன் வாயால் கூட்டிச் சொல்கிற தொகைக்கு இருக்கும் பலம் நம் கூச்சலுக்குக் கிடையாது. எல்லா வீட்டிலும் இது வேலை செய்யும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வேலை செய்த வீடுகளை அறிவேன்.

இன்னொரு பயமும் உங்களுக்கு இருக்கிறது. உள்ள வருமானத்தை எழுதிவிட்டால் காப்பீடு போய்விடுமோ, உரிமைத்தொகை நின்றுவிடுமோ என்று கேட்கிறீர்கள். இந்த நோட்டு எந்த அலுவலகத்துக்கும் போகாது. குழுவுக்குக்கூட முழுதாகக் காட்ட வேண்டியதில்லை. அது உங்கள் வீட்டுச் சொத்து. கடன் தாளில் கையெழுத்துப் போடும் நேரத்தில் மட்டும் அது உங்கள் மடியில் இருக்க வேண்டும்.

ஏழைக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. இருப்பவனுக்குத்தானே கணக்கு என்பார்கள். அவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 250க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களிடம், ஓராண்டு முழுக்கப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து, வந்த காசும் போன காசும் எழுதினார்கள் சில ஆய்வாளர்கள். 2009ல் அது ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ என்ற புத்தகமாக வந்தது. அவர்கள் கண்டது என்ன? ஏழைகளுக்குப் பிரச்சினை வருமானம் குறைவு என்பது மட்டும் இல்லை, அது எப்போது வரும் என்று தெரியாததும்தான். அதனால் ஏழைக் குடும்பங்கள் பணக்காரரை விடவும் அதிகமாகப் பணத்தை உருட்டிப் புரட்ட வேண்டியிருக்கிறது. இங்கே வாங்கி அங்கே கட்டி, அங்கே போட்டு இங்கே எடுத்து. இது நம் கதை அல்லவா? இவ்வளவு உருட்டலையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கப் போகும் பெண்ணுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? மனசில் இருப்பதை நோட்டில் இறக்கி வைக்கும் வழி புதிதல்ல. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904லேயே வீட்டுப் பெண்களுக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார். அந்தப் பழக்கம் நூறு ஆண்டு கடந்தும் அங்கே நிலைத்திருக்கிறது. மலைப் பெண்ணால் முடியாதது எதுவும் அதில் இல்லை.

குழுக்களின் நுண்கடன் திட்டத்தில் ஒவ்வொரு வீட்டு வரவு செலவும் எழுத ஒரு படிவம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் எப்படி நிரப்புகிறோம்? கடன் தொகையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதாக ஒரே மத்தியானத்தில் எல்லோருக்கும் எழுதிவிடுகிறோம். உங்கள் குழுவில் அப்படி இல்லையென்றால் உங்கள் காலில் விழுகிறேன். இருந்தால், அடுத்த முறை அந்தப் படிவத்தை நோட்டைப் பார்த்து எழுதுங்கள்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமைகள் இன்னும் சில. நுண்கடன் கொடுப்பவர் வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்த தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. காப்பீடு போன்ற எதையும் உங்கள் சம்மதம் இல்லாமல் கடனோடு சேர்த்துக் கட்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. கந்துவட்டிக்கு எதிராக 2003லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. கடனை மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025ல் சட்டப்பேரவை தனியாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆனால் எந்தப் புகாரானாலும் முதலில் கேட்பது, “எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கட்டினீர்கள், எழுத்தில் இருக்கிறதா?” என்பதுதான். இந்த மூன்றாவது கேள்விக்கு “இல்லை” என்று சொல்லித் தலை குனிந்து திரும்பிய அக்காமார்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் கேட்கிறேன். வரும் தை முதல் ஓர் ஆண்டு எழுதுங்கள். நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், விட்ட இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடருங்கள். ஆண்டு முடிந்ததும், அடுத்த கிழங்கு ஊன்றுவதற்கு முன்னால், ஒரு நாள் குழுவாக உட்காருங்கள். எந்த மாதம் வறண்டது, அந்த மாதத்துக்கு எந்த அறுவடையிலிருந்து எவ்வளவு எடுத்து வைப்பது, எந்தக் கடனை முதலில் அடைப்பது, அரை ஏக்கர் சாமைக்குத் திரும்ப விடலாமா என்று பேசுங்கள். உங்கள் பட்ஜெட் அதுதான். வேறு யாரும் வந்து போட்டுத் தர வேண்டாம்.

இதை எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது என்பதற்காக, அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசகம் உங்கள் விருப்பம். எனக்குத் தோன்றியதைக் கீழே தருகிறேன்.

“நம் குழு உறுப்பினர்கள் அனைவரும் வரும் தை முதல் தேதியிலிருந்து தங்கள் வீட்டு வரவு, செலவு, வாங்காமல் கிடைத்தது, கடன் ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதி வருவது என்றும், எழுத இயலாத உறுப்பினர்களுக்குக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் இருந்து எழுதித் தருவது என்றும், கிழங்கு, மிளகு, காபி விற்கும்போது எடை, பாயிண்ட், விலை, பிடித்தம் குறித்த சீட்டைக் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டுவது என்றும், வீட்டு வருமானம் என்ற இடத்தில் எதுவும் எழுதாத அல்லது பிறர் எழுதிய எந்தக் கடன் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்றும், ஐந்து பேர் பொறுப்பேற்கும் கடனில் ஓர் உறுப்பினர் தன் நோட்டைப் பார்த்து வேண்டாம் என்றால் மற்ற நால்வரும் அவரை வற்புறுத்துவதில்லை என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

அன்புடன்,
உங்களில் ஒருத்தி